இல்லத்தில் அறிவியல்: கலங்கிய தொட்டி

ஆம்பூர்ப் பங்கைச் சேர்ந்த வாசகி ஒருவரின் கடிதம் நம்முன் இருக்கிறது. மகனின் புதுநன்மைக்கு உறவினர் ஒருவர் இரண்டடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி ஒன்றைப் பரிசளித்தாராம். அன்று மாலையே நீர் நிரப்பி ஆறு மீன்களை விட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் நீர் அரிசி களைந்த கழுநீர்போல் வெளுத்துக் கலங்கிற்று. பதறிப்போய் எல்லாவற்றையும் கொட்டி, கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பினார்கள். மீண்டும் கலங்கல், மீண்டும் கழுவல். மூன்றாம் முறை நீர் பளிங்குபோல் நின்றது. ஆனால் அந்தத் தெளிந்த நீரில்தான் நான்கு மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. "தோல் பதனிடும் ஊர்த் தண்ணீரில் மீன் எங்கே பிழைக்கும்?" என்று அண்டை வீட்டார் கூறுகிறார்கள், அது மெய்தானா என்று கேட்கிறார்.

கலங்கல் எல்லாம் ஒரே வகையன்று. நீர் ஊற்றிய அன்றே கலங்கினால் அது கழுவாத கல்லின் தூசி, படிந்துவிடும். பச்சை நிறமாகக் கலங்கினால் பாசி. சன்னல் வெயிலை மறைத்தால் குறையும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பால் கலந்தாற்போல் வெளுப்பதே அம்மையாரை அச்சுறுத்திய கலங்கல். மிஞ்சிய தீனியும் மீன்களின் கழிவும் நீரில் கரைய, அவற்றை உண்டு பெருகும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் கூட்டம் அது. உணவு தீர்ந்ததும் சில நாட்களில் தானே அடங்கும். அவை நீரிலுள்ள உயிர்வாயுவைச் செலவழிப்பதால், காற்றுக் குமிழி விடும் மோட்டாரை அந்நாட்களில் நிறுத்தாதிருந்தால் போதும். கலங்கல் மீனைக் கொல்லவில்லை.

கொன்றது கண்ணுக்குத் தெரியாதது. மீன்கள் தம் செவுள் வழியே அமோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாத தீனி அழுகும்போதும் அதுவே பிறக்கிறது. அதற்கு நிறமில்லை. ஆறு, குளங்களில் இதனை மாற்றுவதற்கென்றே தனி நுண்ணுயிர்கள் உண்டு. ஒருசாரார் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவர், அதுவும் நஞ்சே. மற்றொரு சாரார் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவர். அது பெரும்பாலும் தீங்கற்றது. இவர்கள் நீரில் மிதந்து திரிபவர்கள் அல்லர். கல்லிலும் பஞ்சிலும் ஒட்டிக் குடியிருப்பவர்கள். மிக மெதுவாகப் பெருகுபவர்கள். கலங்கல் செய்யும் பாக்டீரியா ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிக்கக்கூடும். இவர்களுக்கோ ஒரு நாளளவு ஆகிறது. ஆகவே ஒரு புதுத்தொட்டி தன் அழுக்கைத் தானே செரிக்கும் நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். பஞ்சை ஒவ்வொரு முறை குழாய் நீரில் தேய்த்தபோதும், குடியேறத் தொடங்கியவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். எஞ்சியவர்களைக் குளோரின் அழித்தது. தொட்டி மறுபடியும் முதல் நாளுக்கே திரும்பிற்று.

இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. இலண்டன் வேதியியலறிஞர் ராபர்ட் வாரிங்டன், நீரை மாற்றாமலே மீன் வளர்க்க இயலுமா என்று ஆராய்ந்து 1850-இல் வெளியிட்டார். இரண்டு சிறு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் இலைகள் அழுகி அவருடைய நீரும் கலங்கிப் பாசி பிடித்தது! அவர் தொட்டியைக் கொட்டவில்லை, அழுகலைத் தின்னும் நத்தைகள் சிலவற்றை விட்டார், நீர் தெளிந்தது. அமோனியாவின் கதை அவருக்குத் தெரியாது. அதனைத் துலக்கியவர்களில் ஒருவர் அவருடைய மகனே. அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வுநிலையத்தில், இம்மாற்றம் இரண்டு படிகளாக நிகழ்வதை அவர் காட்டினார். ஆயினும் அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் பேறு, 1890-ஐ ஒட்டி ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கிக்கே கிட்டியது. இரண்டு படிகளையும் ஒரே பாக்டீரியா செய்வதும் உண்டு என்பது 2015-இல்தான் தெரியவந்தது. அதனைக் கண்ட ஆய்வுக்குழுக்களுள் ஒன்று தேடிய இடம், மீன் வளர்ப்புச் சாலையொன்றின் நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு.

இனி அண்டை வீட்டாரின் கேள்வி. அதனை வெறும் வாய்ப்பேச்சென்று தள்ளிவிட முடியாது. பாலாற்றங்கரையில் தோல் தொழில் செய்த கேடு சிறிதன்று. இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ்பட்டதென்ற கணக்கு, வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கின் தீர்ப்பில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, உச்ச நீதிமன்றத்தாலேயே எடுத்துரைக்கப்பட்டது. மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை அது இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிற்று. 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்புரைக்க நேர்ந்தது என்றால், துயரம் தீரவில்லை என்பதன்றோ பொருள்!

ஆயினும் அந்த நான்கு மீன்களின் சாவை அத்தொழில்மேல் ஏற்றுவது பொருந்தாது. கிணற்றில் சேர்ந்தவற்றுள் முதன்மையானது, தோலைக் கெடாமல் காக்கத் தூவும் உப்பு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பணிபுரியும் நம் குடும்பத்தினருக்கு இது கைப்பாடம். காற்றூட்டும் தொட்டிகளில் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்கின்றன, உப்பைத் தின்பதில்லை. அதனைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கொப்பரையும் வேண்டும். உங்கள் கிணற்று நீரின் உப்பும் அப்படியே. எத்தனை நாள் வைத்தாலும் போகாது, நிறத்திலும் தெரியாது. ஆனால் அளவான உப்பையும் கடினத்தையும் கப்பியும் மோலியும் நன்றாகவே தாங்கும். மீன் வாங்கும்போது, நம் நீருக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குவது நலம்.

நம்மூர் நீரால் வரும் உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. அமோனியாவின் நஞ்சு, நீரின் காரத்தன்மையோடு ஏறுகிறது. 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆனால் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்கு ஆகிவிடும். வெயில் ஏறினால் இன்னும் மிகும். காரமும் வெப்பமும் மிகுந்த நம் பக்கத்தில், புதுத்தொட்டியில் அவசரப்படுவோர்க்குத் தண்டனை கூடுதல்.

அதற்காகக் கேன் நீரையே நிரப்பிவிடுவதும் தவறு. அமோனியாவை மாற்றும்போது பாக்டீரியாக்கள் நீரின் காரத்தைச் செலவழிக்கின்றன; சவ்வில் வடித்த நீரில் அது மிகக் குறைவாதலால், விரைவில் நீர் புளித்து அவற்றின் வேலையே நின்றுபோகும். கிணற்று நீரோடு கலந்து ஊற்றுவதே முறை. காவிரிக் குழாய் நீரானால் ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் முறிப்பான் உதவும். டி.டி.எஸ். அளவியில் எண் குறைவாக இருக்கிறதென்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அக்கருவி அமோனியா உண்டா இல்லையா என்று காட்டாது. அதற்கென்று சோதனைத் துளிமருந்து தனியே கிடைக்கிறது.

எஞ்சிய இரண்டு மீன்களையும் காக்க வழி உண்டு. இனித் தொட்டியை முழுதும் கொட்டவேண்டா. ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். தீனி நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்குமளவே. இதுதான் கடினமான பகுதி. பிள்ளைகள் அன்பினால்தான் மேலும் மேலும் தூவுகிறார்கள். தீனிப் புட்டி அம்மாவின் கையில் இருக்கட்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று சோதனை காட்டும்வரை புதுமீன் வேண்டா.

காலத்தைச் சுருக்க நம்பகமான உபாயம் ஒன்றே. புதிதாகத் தொடங்கும் சுத்திகரிப்பு நிலையங்கள், நன்கு நடக்கும் பழைய நிலையத்திலிருந்து சேற்றைக் கொண்டுவந்து விதையாக இடுவது வழக்கம். அதுபோல், பல மாதங்களாக நோயின்றி மீன் வளர்ப்பவர் யாரேனும் உங்கள் தெருவில் இருந்தால், அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். உலரவிடாமல் அந்தத் தொட்டி நீரிலேயே நனைத்து எடுத்துவந்து, அன்றே உங்கள் வடிகட்டியில் சேருங்கள். பின்னாளில் பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து அலசினால் போதும். குழாயடிக்குக் கொண்டுசெல்ல வேண்டா.