மட்டையை அவர்கள் கையிலும் கொடுங்கள்!

இத்தாலி நாட்டில் டூரின் என்று ஒரு நகரம் உண்டு. கட்சி வகுப்பில் பாடம் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். 1920ஆம் ஆண்டில் தொழிலாளிகள் ஆலைகளையே கைப்பற்றி நடத்திக் காட்டிய நகரம் அது. ஆனால் இன்று நாம் அந்த ஊரைப் பற்றிப் பேச வந்தது வேறு ஒரு விஷயத்துக்காக.

2025 மார்ச் 8 முதல் 15 வரை டூரினில் ஒரு விளையாட்டு விழா நடந்தது. அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர்களுக்கான உலகக் குளிர்கால ஸ்பெஷல் ஒலிம்பிக் போட்டி. நம் நாட்டிலிருந்து 30 பேர் போனார்கள். 33 பதக்கங்களோடு திரும்பினார்கள். அதில் தங்கம் 8, வெள்ளி 18, வெண்கலம் 7. வெயில் நாடு என்று பெயரெடுத்த நாட்டிலிருந்து போய், பனியிலே சறுக்கி, மட்டை பிடித்து ஆடி வாங்கிய பதக்கங்கள் இவை.

வாசகர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்? அதே வாரம், மார்ச் 9ஆம் தேதி, துபாயில் நமது கிரிக்கெட் அணி சாம்பியன்ஸ் கோப்பையை வென்றது. அது தெரியாதவர் யாருமில்லை. பேட்டை டீக்கடைகளில் அன்று இரவு வெடிச்சத்தம் ஓயவில்லை. கிரிக்கெட்டின் மீது நமக்குக் கோபம் ஒன்றுமில்லை, நாமும்தான் பார்த்தோம். ஆனால் அந்த முப்பது பேருக்கு நம் தெருவில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை என்பது உறுத்துகிறது.

இந்தக் குளிர்கால விழாக்களில் பல ஆண்டுகள் ஆடப்பட்ட ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனி ஹாக்கி என்பது கனடாக்காரர்களின் உயிர். உறைந்த பனித்தரையில், சறுக்குக் காலணி கட்டிக்கொண்டு, கெட்டி ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடித்து ஆடுவது. பனித்தரை எல்லா ஊரிலும் கிடைக்குமா? சறுக்குக் காலணி எல்லோருக்கும் கட்டுபடியாகுமா? ஆகவே அதையே கட்டாந்தரைக்கு இறக்கினார்கள். ரப்பர் வட்டுக்குப் பதிலாகக் கம்பளித் துணியை அழுத்திச் செய்த, நடுவில் ஓட்டை போட்ட ஒரு வளையம். வளைந்த மட்டைக்குப் பதிலாக நேரான ஒரு கம்பு. கம்பின் நுனியை ஓட்டைக்குள் விட்டு வளையத்தைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். கோல் காப்பவர் உட்பட ஓர் அணிக்கு ஆறு பேர். தரை ஹாக்கி என்று இதற்குப் பெயர். குச்சியை வைத்துச் சைக்கிள் டயர் உருட்டும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதைப் பார்த்தால், இது எங்கள் விளையாட்டு அல்லவா என்பார்கள். 2017இல் ஆஸ்திரியாவில் நடந்த விழாவிலும் தரை ஹாக்கி இருந்தது. டூரினில் அதன் இடத்தை, இலேசான பிளாஸ்டிக் மட்டையும் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் பந்தும் கொண்ட ஃப்ளோர்பால் எடுத்துக்கொண்டது. நிஜப் பனித்தரையில் ஆடும் அணிகளும் உண்டு. டொராண்டோ நகரத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கென்று 1970களின் தொடக்கத்திலேயே பனி ஹாக்கி அணி கண்டார்கள். பிறகு கனடாவிலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட அணிகள் பெருகின. தங்களுக்குள் போட்டிகளும் நடத்துகின்றன.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது?

1960களின் தொடக்கத்தில் டொராண்டோ சர்வகலாசாலையில் ஃபிராங்க் ஹேடன் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு உடல் வலுவும் பாதிதான் இருக்கும், அது அவர்கள் பிறவிக் குணம், அதை மாற்ற முடியாது என்று அந்தக் காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். ஹேடன் அந்தப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார். அவர்கள் சோர்ந்து கிடந்தது உண்மைதான். ஆனால் காரணம் பிறவி அல்ல. ஓட விடவில்லை, ஆட விடவில்லை, மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். சந்தர்ப்பம் கொடுத்தால் அவர்களும் வலுவடைவார்கள் என்று அவர் நிரூபித்தார்.

தோழர்களே, இந்த வாதம் நமக்குப் புதிதா? பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் வைத்துவிட்டு, இவர்களுக்குப் படிப்பு ஏறாது என்றார்கள். அரை வயிறு கஞ்சி ஊற்றிவிட்டு, கூலிக்காரன் சோம்பேறி என்றார்கள். மனிதர்கள் செய்த அநியாயத்தை இயற்கையின் தலையில் கட்டுவது பழைய வித்தை. ஹேடன் கண்டதும் அதே வித்தையைத்தான்.

அமெரிக்காவில் இந்த இயக்கத்தைத் தொடங்கியவர் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். ஜனாதிபதி கென்னடியின் சகோதரி. கோடீஸ்வரக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெண் நம் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. அவர்களுடைய மூத்த சகோதரி ரோஸ்மேரிக்கு இந்தக் குறைபாடு இருந்தது. 1941இல் தகப்பனார் அந்தப் பெண்ணுக்கு மூளையில் ஆபரேஷன் செய்ய வைத்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சும் நடையும் போயின. தூரத்து விடுதி ஒன்றில் பல ஆண்டுகள் ஊரறியாமல் வைத்திருந்தார்கள். 1962இல்தான் யூனிஸ் பத்திரிகையில் கட்டுரை எழுதி, எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் உண்டு என்று பகிரங்கமாகச் சொன்னார். ஆக, மாளிகையில் இருந்தவர்களும் மறைத்தார்கள். அவர்கள் மறைத்தது மானத்துக்குப் பயந்து. நம் ஜனங்கள் மறைப்பதற்கு மானம் ஒரு காரணம், வயிறு இன்னொரு காரணம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

1968 ஜூலை 20ஆம் தேதி சிக்காகோ நகரத்தில் முதல் விழா நடந்தது. ஆமாம், அதே சிக்காகோ. எட்டு மணி நேர வேலைக்காக 1886 மே மாதம் தொழிலாளிகள் ரத்தம் சிந்திய நகரம். ஏறக்குறைய 1000 பேர் கலந்துகொண்டார்கள். கனடாவிலிருந்து வந்தது டொராண்டோவின் ஒரு தரை ஹாக்கி அணி. பனி ஹாக்கியில் அந்த நாடே கொண்டாடிய மேப்பிள் லீஃப்ஸ் அணியின் காப்டன் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் அந்தப் பையன்களோடு கூடவே வந்தார். காப்டன் வந்தாரே, அது பெரிய விஷயம். பெரிய ஆட்டக்காரன் சின்ன ஆட்டக்காரனின் பக்கத்தில் நின்றால் கேலி செய்கிறவன் வாய் அடங்கும்.

இந்த அமெரிக்க சர்க்காரின் லட்சணத்தையும் சொல்லிவிடுவோம். 2019 மார்ச் மாதம் டிரம்ப் சர்க்காரின் கல்வி மந்திரி, இந்த விளையாட்டுகளுக்குத் தந்துவந்த 1 கோடியே 76 லட்சம் டாலரை அடியோடு வெட்டிவிட யோசனை சொன்னார். நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. சில நாட்களிலேயே டிரம்ப் பின்வாங்கினார். ஜனங்கள் சத்தம் போட்டால் வெட்டின கை திரும்பிப் போகும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஹாக்கி நமக்கு அந்நியமான விளையாட்டு அல்ல. கோவில்பட்டி இன்று தூத்துக்குடி ஜில்லா. 1986 வரை நம் திருநெல்வேலி ஜில்லாதான். பஞ்சாலையும் தீப்பெட்டியும் போலவே ஹாக்கியும் அந்த ஊரின் அடையாளம். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் கரிசல் மண்ணில் மட்டை பிடித்து, இந்திய அணி வரைக்கும் போயிருக்கிறார்கள். அந்த மண்ணில் அறிவுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் ஒரு மட்டை கிடைக்க என்ன தடை?

தடை என்னவென்று பேட்டையில் நாம் கண்ணால் பார்த்தோம்.

சந்தா வசூலுக்காகப் போன ஒரு வீடு. தகப்பன் இல்லை. தாய் பீடி சுற்றுகிறார். மகனுக்குப் பதினேழு வயது. பேச்சு தெளிவில்லை. அவன் காலில் பழைய சேலைத் துணி. அதன் மறுமுனை திண்ணைத் தூணில். நமது முகம் போன போக்கைப் பார்த்து அந்தத் தாய் மடியிலிருந்த சொளவைக் கீழே வைத்தார்.

“என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? சுத்துன பீடிய கடையில குடுத்துட்டு, இலையும் தூளும் வாங்கிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆவுது. அவுத்து விட்டா கால்வாய்ப் பக்கம் போயிருதான். போன வருசம் முங்கப் பாத்தான். நான் என்ன செய்ய, சொல்லுங்க.”

நாம் என்ன சொல்ல முடியும்? மனித உரிமை என்று உபதேசம் செய்வதா? சுற்றின பீடிக்குத்தான் கூலி. கையை நிறுத்தினால் அடுப்பு நிற்கும். அந்தத் துணியைக் கட்டியது தாயின் கை. கட்ட வைத்தது எது என்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புறப்படும்போது அவர் ஒன்று சொன்னார். “ஒங்க கூட்டத்துக்கு இவனக் கூட்டிட்டு ஒருக்கா வந்தேன். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாவ. ஒரு தம்பி வந்து, அக்கா, சத்தம் போடுதான், வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டு. அதுக்குப் பொறவு வரல.”

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும். முதலாளியின் வாசலில் நின்று ஒதுக்காதே என்று கோஷம் போடுகிறவர்கள் நாம். நம் கூட்டத்திலிருந்து ஒரு தொழிலாளித் தாயையும் அவள் மகனையும் நாமே ஒதுக்கியிருக்கிறோம். அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மேடையில் இருந்தவர்கள் நாம். நமக்கும் அது கண்ணில் படவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. விளையாட்டில் அவர்கள் பங்குகொள்ள ஏற்பாடு செய்வது சர்க்காரின் கடமை என்று அதன் 30ஆவது பிரிவு சொல்லுகிறது. ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்று 31ஆவது பிரிவு சொல்லுகிறது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நாட்டில் அறிவுக் குறைபாடு உள்ளவர்கள் 15 லட்சம் பேருக்கு மேல். டூரின் போனவர்கள் முப்பது பேர். அந்த முப்பது பேரைப் போல ஆக, முதலில் அந்தப் பிள்ளையை ஒரு சிறப்புப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும், பஸ் வசதி வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டும். நாற்று நடப் போகிற தாய் கார் பருவத்திலும் பிசானத்திலும் எந்த வேலையை விட்டுவிட்டு மகனைக் கூட்டிப்போவாள்?

பணக் கணக்கையும் பார்ப்போம். டூரினில் தங்கம் வென்றவர்களுக்கு மத்திய சர்க்கார் 20 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. சந்தோஷம், அது அவர்கள் வியர்வை. ஆனால் பதக்கம் வாங்காத பிள்ளைக்கு என்ன? 2024இல் தமிழ்நாட்டில் பராமரிப்புத் தொகை மாதம் 2000 ரூபாய். அந்த 20 லட்சத்தை மாதம் 2000 வீதம் பிரித்தால் 83 ஆண்டுகளுக்கு வரும். மத்திய சர்க்கார் தன் பங்குக்கு மாற்றுத்திறனாளி பென்ஷன் தொகையை 2012இல் 300 ரூபாய் ஆக்கியது. 2024இலும் அதே 300தான். அரிசி விலை, பஸ் கட்டணம், மருந்து விலை எதுவும் 2012இல் நின்றுவிடவில்லை. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலை முதல் மாதம் 6000 ரூபாய் ஆக்கினார்கள். கிருஷ்ணா நதிக்கரையில் முடிந்தது தாமிரபரணிக் கரையில் ஏன் முடியாது? மாற்றுத்திறனாளிகளின் சங்கம் இந்தக் கேள்வியோடு தெருவில் இறங்கியது. பின்னால் நம் ஆலைத் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் எத்தனை பேர் போனார்கள்?

“கூலி உயர்வுக்கே போராட்டம். இதில் விளையாட்டு ஒரு கேடா?” என்று ஒரு தோழர் நம்மிடம் கேட்டார். நல்ல தோழர்தான், கேள்வியும் நேர்மையானது. அவருக்கு நாம் சொன்னது இது. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம் இஷ்டம் என்று நம் முன்னோர் கேட்டார்களே, அந்த மூன்றாவது எட்டு எதற்கு? ஆடவும் பாடவும் படிக்கவும்தானே? அது உமக்கு உரிமை என்றால் தூணில் கட்டிக் கிடக்கிற பிள்ளைக்கு உரிமை இல்லையா? அந்தப் பையன் தினமும் இரண்டு மணி நேரம் மைதானத்தில் இருந்தால், தாய் நிம்மதியாகப் பீடி கொடுத்துவிட்டு வருவாள். இது விளையாட்டுப் பிரச்னை மட்டுமா, கூலிப் பிரச்னையும் அல்லவா? தோழர் பேசாமல் பீடியை அணைத்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

சர்க்கார் செய்யட்டும் என்று கை கட்டி நிற்கவும் வேண்டாம். தரை ஹாக்கிக்குப் பனி வேண்டாம், மெஷின் வேண்டாம். நாலு மூங்கில் கம்பு, பழைய கம்பளியில் தைத்த ஒரு வளையம், சாயங்காலத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு பள்ளி மைதானம். குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் முறையும் ஸ்பெஷல் ஒலிம்பிக்கில் உண்டு. திறமையில் சமமான அணிகளை எதிரெதிரே நிறுத்துவதுதான் அவர்கள் வழக்கம். ஆகவே பலசாலி பலவீனனை மிதித்து ஜெயிக்கும் ஆட்டம் அல்ல இது. வாலிபர் சங்கத் தோழர்கள் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் ஒதுக்கினால் பேட்டையில் தொடங்கிவிடலாம். மைதானத்தைத் திறந்துவிடச் சொல்லியும், பயிற்சி ஆசிரியர் ஒருவரைக் கேட்டும் கலெக்டருக்கு மனு எழுதியாகிவிட்டது. கையெழுத்து வாங்கும் வேலை நடக்கிறது. பீடித் தொழிலாளிப் பெண்கள்தான் முதலில் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கிளைக் கூட்டத்துக்கு அந்தத் தாயை மகனோடு வரச் சொல்லியிருக்கிறோம். முன்வரிசையில் பாய் போட்டு வைப்போம். அவன் சத்தம் போட்டால் பேசுகிறவர் கொஞ்சம் உரக்கப் பேசட்டும்.