முள்ளோடு போகும் விரால்... முடிச்சை மாற்றினால் கைக்கு வரும்!

பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கும் வாசகர்களிடமிருந்து தூண்டில் நரம்பு பற்றித் தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

“பண்ணைக்குட்டையில் விரால் வளர்க்கிறேன். கேட்பவர்களுக்கு அவ்வப்போது நாலைந்து மீனைத் தூண்டிலில் பிடித்து உயிரோடு விற்கிறேன். தங்கூஸ் நரம்பு பாசியில் சிக்கி அறுந்ததால், கடைக்காரர் சொல்லி பின்னல் நரம்பு வாங்கினேன். இப்போது பெரிய மீன் இழுத்தால் முள்ளோடு போய்விடுகிறது. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?”
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்பு, கையில் மிஞ்சிய நரம்பின் முனையைப் பாருங்கள். இழைகள் பிரிந்து பஞ்சுபோல் இருந்தால் நரம்பு அறுந்திருக்கிறது. முனை பன்றியின் வால்போல் சுருண்டு முழுசாக இருந்தால் நரம்பு அறுந்துபோகவில்லை; முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. பின்னல் நரம்புக்கு மாறிய பலருக்கும் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

தங்கூஸ் என்பது நைலானில் செய்த ஒற்றை இழை. இறுக்கும்போது கொஞ்சம் நீண்டு, நசுங்கி, தன்னைத்தானே கவ்விக்கொள்ளும். பின்னல் நரம்பு வேறு சாதி. மிக நீண்ட மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலீனை மெல்லிய இழைகளாக இழுத்து, 4 அல்லது 8 புரிகளாகப் பின்னியது. நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவன ஆய்வுக்கூடத்தில் 1970-களின் இறுதியில் உருவான நூற்பு முறையில் வந்த இழை இது. அதே கனமுள்ள நைலானைவிடப் பல மடங்கு பலம் உண்டு. தண்ணீரை உறிஞ்சாது, ஏறக்குறைய நீளவே நீளாது. ஆனால், மேற்பரப்பு மெழுகு தடவியதுபோல் வழுக்கும். அதனால் தங்கூஸுக்குப் போட்ட முடிச்சை இதற்கும் போட்டால் நிற்காது. நரம்பைக் காதில் நுழைத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, முனையை முதல் வளையத்தில் விட்டு இழுப்போமே, அந்தப் பழைய முடிச்சு பின்னல் நரம்பில் மெதுவாக நழுவும். சின்ன மீனுக்குத் தாங்கும். இரண்டு கிலோ விரால் பாசிக்குள் தலையைக் கொடுத்து இழுத்தால் கையை விரிக்க வேண்டியதுதான்.

இதில் நஷ்டம் அன்றைய விற்பனை மட்டும் இல்லை. தொண்டையில் முள்ளோடு போன மீன் சரியாக இரை எடுக்காமல் மெலியலாம், செத்தும் போகலாம். மாதக்கணக்கில் தீவனம் போட்டு வளர்த்ததை ஒரு முடிச்சுக்காக இழக்கக் கூடாது.

“அப்படியென்றால் பின்னல் நரம்பில் முள் கட்ட எந்த முடிச்சு நல்லது? படிக்காதவர்களும் போடும்படி சொல்லுங்கள்.”
– ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்.

ஒரே ஒரு முடிச்சைக் கற்றுக்கொள்வதாக இருந்தால் பாலோமர் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். இதில் முள்ளின் காதுக்குள் நரம்பு இரட்டையாகப் போகிறது. இழுவிசை இரண்டு இழைக்கும் பிரிவதால் வழுக்கலும் அறுபடலும் குறையும். போடும் விதம்:

1. நரம்பின் முனையை ஒரு சாண் நீளத்துக்கு மடித்து இரட்டையாக்குங்கள். மடிப்பு முனையை முள்ளின் காதுக்குள் நுழையுங்கள். மடிப்பு நுழையாத சிறிய காதாக இருந்தால், ஒற்றை முனையை நுழைத்து, அதே காது வழியாகத் திருப்பி நுழைத்தாலும் இரட்டையாகிவிடும்.

2. அந்த இரட்டை நரம்பில், மூட்டைக்குப் போடுவதுபோல் சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போடுங்கள். இறுக்காதீர்கள். முள் நடுவில் தொங்க வேண்டும்.

3. மீதமிருக்கும் மடிப்பு வளையத்தை விரித்து, முழு முள்ளையும் அதற்குள் விட்டு எடுங்கள்.

4. முடிச்சைத் தண்ணீரில் நனைத்து, நீள நரம்பையும் சிறு முனையையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். வளையம் நகர்ந்து காதுக்கு மேலே போய் அமர வேண்டும். இரட்டை நரம்பு ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் அந்த இடத்தில் ஒன்றை ஒன்று அறுக்கும்.

5. மிச்ச முனையை அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால், கொஞ்சம் நழுவினாலே முடிச்சு அவிழும்.

நனைக்கச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நைலான் இளகுவதற்கு 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்த இழையோ 150 டிகிரிக்குள் இளகிவிடும். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்து இறுக்கினால், உரசும் சூட்டிலேயே இழை பலவீனமாகும். இதே காரணத்தால், வெட்டிய முனையைத் தீக்குச்சியில் காட்டி உருட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நல்ல கூர்மையான கத்தரிக்கோல் போதும்.

“விராலுக்காகப் பெரிய ரப்பர் தவளை கட்டித் தூண்டில் போடுகிறேன். பாலோமர் வளையத்துக்குள் தவளை நுழைய மறுக்கிறது. வேறு வழி உண்டா?”
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்.

உண்டு. யூனி முடிச்சு போடுங்கள். நரம்பைக் காதில் நுழைத்து, ஒரு சாண் நீளம் வெளியே எடுத்து, நீள நரம்பை ஒட்டி இணையாக வையுங்கள். முனையைத் திருப்பிக் காதுப் பக்கம் கொண்டுவந்தால் ஒரு வளையம் உண்டாகும். அந்த வளையத்துக்குள்ளாக முனையை விட்டு, இணையாக இருக்கும் இரண்டு நரம்பையும் சேர்த்துச் சுற்றுங்கள். தங்கூஸுக்கு 5 சுற்று போதும். பின்னல் நரம்புக்கு 7 அல்லது 8 சுற்று வேண்டும். நனைத்து, முதலில் சிறு முனையை இழுத்துச் சுற்றுகளை நெருக்குங்கள். பிறகு நீள நரம்பை இழுத்தால் முடிச்சு வழுக்கிக்கொண்டு காதில் போய் உட்காரும். சுற்றுகள் கிணற்றுக் கயிறு உருளையில் சுற்றியதுபோல் வரிசையாக இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள்.

“எங்கள் குட்டையில் விராலோடு கட்லா, ரோகுவும் இருக்கிறது. பின்னல் நரம்பில் கெண்டை வாய் கிழிந்து போகிறது. ரீலில் நரம்பு மொத்தமாகச் சுழலவும் செய்கிறது. என்ன செய்யலாம்?”
– ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்.

இரண்டுக்கும் மருந்து தங்கூஸ்தான். கெண்டை இனத்துக்கு உதடு மெத்தென்று இருக்கும். பின்னல் நரம்பு நீளாததால், மீன் உதறும் ஒவ்வொரு உதறலும் நேராக முள்ளில் விழுந்து வாயைக் கிழிக்கும். கெண்டை மட்டும் பிடிப்பதென்றால் முழுக்கத் தங்கூஸே நல்லது. ஒரே தூண்டிலில் இரண்டும் பிடிக்க வேண்டுமென்றால், பின்னல் நரம்பின் முனையில் இரண்டு மூன்று முழம் தங்கூஸை இணைத்து, அதில் முள்ளைக் கட்டுங்கள். ரீலின் பிடியையும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

இரண்டையும் இணைக்க, முனைகளை எதிரெதிராக ஒரு சாண் நீளத்துக்கு மேல் பொருத்தி வைத்து, ஒவ்வொரு முனையாலும் மற்றொரு நரம்பின் மேல் மேலே சொன்ன யூனி முடிச்சைப் போடுங்கள். பின்னல் பக்கம் 8 சுற்று, தங்கூஸ் பக்கம் 4 அல்லது 5 சுற்று. நனைத்து இரு பக்கமும் இழுத்தால் இரண்டு முடிச்சும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். வெறும் கட்டுமுடிச்சு போட்டு இணைத்தால் கண்டிப்பாக வழுக்கும்.

ரீலில் நரம்பு சுழல்வதும் வழுக்கலால்தான். முதலில் சில மீட்டர் தங்கூஸைச் சுற்றி, அதோடு பின்னல் நரம்பை இணைத்துச் சுற்றுங்கள். அல்லது உருளையில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு அதன்மேல் கட்டுங்கள்.

“முடிச்சு தாங்குமா என்பதைத் தண்ணீரில் போடும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா? பெட்டியில் பவுண்டு என்று போட்டிருப்பதும் விளங்கவில்லை.”
– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.

ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். 20 பவுண்டு என்றால் 9 கிலோ, 30 பவுண்டு என்றால் 13.5 கிலோ. பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிய குட்டையில் விராலுக்கு 30 பவுண்டு நரம்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால், பெட்டியில் இருப்பது முடிச்சில்லாத நரம்பின் கணக்கு. எந்த முடிச்சு போட்டாலும் அந்த இடத்தில் பலம் குறையும்.

சோதிக்க ஒரு வாளி போதும். முள்ளுக்குப் பதிலாகச் சாவிக்கொத்து வளையத்தில் முடிச்சைப் போட்டு, அந்த வளையத்தை வாளிப் பிடியில் மாட்டுங்கள். நரம்பின் மறுமுனையை வழவழப்பான உருட்டுக்கட்டையில் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டி, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து வாளியைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் தூக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 பவுண்டு நரம்பில் 5 லிட்டர், 30 பவுண்டு நரம்பில் 7 லிட்டர் தண்ணீரை ஒரு நிமிடம் அசையாமல் தாங்கினால் அந்த முடிச்சை நம்பலாம். நழுவினால் முனை சுருண்டு காட்டிக்கொடுக்கும். வாளிக்கு அடியில் கால் வைக்காதீர்கள்.

இரண்டு முடிச்சில் எது மேல் என்று பார்க்க, ஒரு முழ நரம்பின் இரண்டு முனையிலும் வளையம் வைத்து, ஒன்றில் பாலோமரும் மற்றதில் உங்கள் பழைய முடிச்சும் போட்டு இழுங்கள். எது முதலில் விடுகிறதோ அதை விட்டுவிடலாம். பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

“மிச்சமான பின்னல் நரம்பு நிறைய இருக்கிறது. கன்றுக்குட்டி கட்டவும் பாகல் பந்தலுக்கும் பயன்படுத்தலாமா?”
– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்.

இரண்டுக்கும் வேண்டாம். இது மெல்லிய கத்திக்குச் சமம். கன்று திமிறினால் தோலை அறுக்கும். கொடியின் தண்டையும் அறுக்கும். பிள்ளைகள் பட்டம் விடக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வண்டியில் போகிறவர் கழுத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மீன் இழுக்கும்போதும் நரம்பைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. தடித்த துணியோ சிறு கட்டையோ வைத்து இழுங்கள்.

இந்த நரம்பு மக்காது. கரையில் வீசிய துண்டைப் புல்லோடு மாடு விழுங்கினால் குடலில் சிக்கும். கொக்கு, மடையான் காலிலும் மாட்டிக்கொள்ளும். மூடியில் ஓட்டை போட்ட பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கரையிலேயே கட்டித் தொங்கவிட்டு, வெட்டிய துண்டுகளை அதில் போட்டு வையுங்கள். நல்ல நிலையில் இருக்கும் மிச்ச நரம்பை வெயில்படாத இடத்தில் வைத்திருந்தால் அடுத்த முறைக்கு ஆகும். ஓரத்தில் பஞ்சு தட்டியிருந்தால், அந்த ஒரு மீட்டரை வெட்டிவிட்டு முடிச்சைப் புதிதாகப் போடுங்கள். ரீலின் வெளிப்பாதி தேய்ந்த பிறகு, நரம்பைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் உள்ளே புதிதாக இருக்கும் பாதி வேலைக்கு வரும்.

*உங்கள் கேள்விகளை, ஊரும் மாவட்டமும் குறிப்பிட்டு எழுதி அனுப்புங்கள். குட்டையின் நீளம், அகலம், ஆழம், விட்டிருக்கும் மீன் இனம் ஆகியவற்றையும் எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.*