எட்டே எட்டு பொம்மைகள்



விடுமுறை வந்தால் போதும், அப்பாவின் செல்பேசி உங்கள் கைக்கு வந்துவிடும். ஓடுகிறவன், துரத்துகிறவன், பறக்கும் விமானம் என்று திரை முழுவதும் ஒரே பரபரப்பு! அந்த உருவங்கள் எப்படி நகர்கின்றன என்று யோசித்தது உண்டா?

கணினி விளையாட்டில் இப்படி நகரும் உருவத்துக்கு 'ஸ்பிரைட்' என்று பெயர். ஸ்கிராட்ச் மென்பொருளைத் திறந்ததும் நிற்கிறதே பூனை, அதுவும் ஒரு ஸ்பிரைட்தான்.

1984-ல் நமது மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, நாட்டின் சில பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகளை வழங்கியது. அவற்றில் ஸ்பிரைட்டுக்குத் தனி வசதி இல்லை. ஓர் உருவம் சற்றே நகர வேண்டுமானால், பழைய இடத்தில் அதை அழித்து, அங்கே மறைந்திருந்த மரத்தையோ சுவரையோ சரிசெய்து, பிறகு புது இடத்தில் வரைய வேண்டும். எத்தனை வேலை!

வெளிநாடுகளில் 1982-ல் விற்பனைக்கு வந்த 'கமடோர் 64' என்ற வீட்டுக் கணினியில் இந்தத் தொல்லை இல்லை. பொம்மலாட்டத்தில் பொம்மை நகர்ந்தால் பின்னாலிருக்கும் திரைச்சீலையை யாராவது மறுபடி வரைவார்களா? அதுபோல, இதில் உருவம் தனி, பின்னணி தனி. இடத்தைக் குறிக்கும் எண்களை மாற்றினால் போதும், உருவம் நகர்ந்துவிடும்.

ஆனால், அதில் இருந்தவை எட்டே எட்டு ஸ்பிரைட்டுகள். விளையாட்டிலோ இருபது எதிரிகள் வர வேண்டும். என்ன செய்வது?

எங்கள் அரக்கோணம் ரயில் சந்திப்புக்கு வந்து பாருங்கள். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, காஞ்சிபுரம் என்று பல பக்கமும் ரயில்கள் பிரியும் இடம் இது. ரயிலுக்கு ஒரு நடைமேடையா கட்டி வைத்திருக்கிறார்கள்? ஒன்று புறப்பட்டதும் அதே நடைமேடையில் அடுத்தது வந்து நிற்கிறது.

கணினி நிரல் எழுதியவர்களும் இதையே செய்தார்கள். அந்நாளைய டி.வி.யில் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக, நொடிக்கு 50 முறை வரையப்பட்டது. மேலே ஒரு ஸ்பிரைட்டை வரைந்து முடித்ததும், அதற்குப் புது இடம் சொல்லிக் கீழே இன்னொரு எதிரியாக்கிவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும்! இதற்காக எல்லா உருவங்களையும் மேலிருந்து கீழாக முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். ஒரே வரியில் எட்டுக்கு மேல் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு நடைமேடைக்கு இரண்டு ரயில்கள் வரலாமா?

'எங்கள் பள்ளியில் அது இல்லை, வீட்டில் இது இல்லை' என்று சோர்ந்து போகும் பிள்ளைகள் இதை நினைத்துப் பாருங்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால், அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். இருப்பதை எந்த வரிசையில், எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்று யோசிப்பவருக்கு எட்டும் இருபதாகும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் குறுக்கே 24, நெடுக்கே 21 கட்டங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 504. சில கட்டங்களை நிரப்பியும் சிலவற்றை வெறுமையாக விட்டும் ஓர் உருவம் படைத்துப் பாருங்கள். ஒரு ஸ்பிரைட்டின் அளவு அவ்வளவுதான். நினைவகத்தில் வெறும் 63 பைட்!

விளையாடத் தெரிந்த உங்களுக்கு விளையாட்டை உருவாக்கவும் வரும். தொடங்குங்கள், செல்லங்களே!