திசைச்சொல்லும் படநூலும்: ஈழத்துக் குழந்தையை முன்வைத்து

குடிபெயர்ந்த குழந்தையை மையமாகக் கொண்ட படநூல்கள் மேலைநாடுகளில் தனி வகைமையாகவே வளர்ந்துள்ளன. யாங்சூக் சோயின் 'தி நேம் ஜார்' (2001) நூலில், அமெரிக்க வகுப்பறையில் தன் பெயரைச் சொல்லத் தயங்கும் கொரியச் சிறுமி, இறுதியில் அப்பெயரையே தெரிவு செய்கிறாள். ஷான் டானின் 'தி அரைவல்' (2006) சொல்லே இன்றிப் படங்களால் மட்டும் அந்நிய நகரின் திகைப்பைக் காட்டுகிறது. இத்தகைய நூல்களைத் தமிழாக்கினாலே நம் குழந்தைகளின் தேவை நிறைவேறிவிடும் என்பது ஏற்கத்தக்கதன்று.

காரணம் எளிது. அந்நூல்களின் குழந்தை மொழி தெரியாமல் தவிக்கிறது. 1983 முதல் தமிழ்நாட்டிற்கு வந்த ஈழத்துக் குழந்தையோ மொழி தெரிந்தே அயலாகிறது. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு வகுப்பறையில் அச்சிறுமி 'கதைப்பமா' என்று கேட்டால், அருகிலிருப்பவள் கதை சொல்லச் சொல்வதாகவே கொள்வாள். 'வடிவு', 'பெடியன்', 'பேந்து' என அவள் வாய்திறக்கும்போதெல்லாம் தமிழே அவளைத் தனியே நிறுத்துகிறது. ('பாண்' மட்டும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது, ஆயினும் ஈழத்துக் காலையுணவில் அதுவும் தாய்மொழிச் சொல்லே.) வீட்டுக்கு ஒரு தமிழ், வெளிக்கு ஒரு தமிழ் எனப் பழகிக்கொள்வதே அவளுக்கு எஞ்சும் வழி.

தொல்காப்பியர் எச்சவியலில் திசைச்சொல்லைச் செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகவே வைத்தார். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர் என உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். அதை வழு என்று அவர்கள் விலக்கவில்லை. செய்யுளுக்கு உள்ள இந்நெகிழ்வு இன்றைய சிறார் நூலுக்கு இல்லை. ஒரே நூலைப் பல மொழிகளில் ஒருங்கே வெளியிடும் பதிப்புமுறையில் பொதுநடை வேண்டப்படுவது இயல்பே. ஆனால் அம்முறைக்கு வெளியே, தமிழில் மட்டும் வரும் நூல்களிலும் ஏன் அதே தயக்கம்?

உண்மையில் வட்டாரச் சொல்லுக்குப் படநூலைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. நாவலில் 'பாண்' வந்தால் அடிக்குறிப்பு வேண்டும். படநூலில் எதிர்ப்பக்கத்து ரொட்டியே அதன் பொருள். சென்னைக்கு இக்கலை புதிதன்று. திருவான்மியூரிலுள்ள தாரா பதிப்பகம் 2004-இல் வெளியிட்ட 'தி லண்டன் ஜங்கிள் புக்' நூலில், கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம் லண்டனின் சுரங்க ரயிலை மண்புழுவாகவும் விமானத்தைச் சிறகுள்ள யானையாகவும் தீட்டினார். புதிய ஊரைத் தம் ஊரின் உருக்களால் கண்டாரேயன்றி, அவ்வூரின் கண்ணைக் கடன் வாங்கவில்லை. தமிழிலும் சென்னையை யாழ்ப்பாணத்துச் சொற்களால் காணும் ஒரு சிறுமி வரவேண்டும். அவள் மொழியைப் பதிப்பாசிரியர் திருத்தலாகாது.

முடிவு பற்றியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. மேலைப் படநூல்கள் பெரும்பாலும் குழந்தை புதிய நாட்டைத் தனதாக்கிக்கொள்வதோடு நிறைவுறும். 1987 ஜூலை முதல் நாள் தொடங்கி இந்தியாவில் பிறந்தோர் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். ஆகவே பெற்றோர் இருவரும் இலங்கையராயின், முகாமில் பிறந்த குழந்தை எங்கிருந்தும் வராமலே அயல்நாட்டவராகிறது. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாறியது வரவேற்கத்தக்கதே. குழந்தையின் குடியுரிமை நிலை அதனால் மாறவில்லை. 'இதுவே என் ஊர்' என்று அக்குழந்தை சொல்வதாகக் கடைசிப் பக்கத்தை எழுதலாம். அச்சொல்லைச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை என்பதை அப்பக்கத்துப் படம் மறைத்துவிடலாகாது.