'பார்டர் சுகர்' இருக்கா? நாவல் பழம் கைகொடுக்குமா?

ஆனி, ஆடி வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதியில் நாவல் பழக் கூடைகள் வந்துவிடும். செண்பகத்தோப்பு மாதிரியான மலையடிவார ஊர்க்காரர்களுக்கு நாவலும் நெல்லியும் புதுசு இல்லை. இப்போ "சுகருக்கு நல்லதாமே" என்று கேட்டு வாங்குபவர்களும் உண்டு. அது எந்தளவுக்கு உண்மை?

யாருக்கு 'பார்டர் சுகர்'?

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது 3 மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவின் முந்தைய நிலை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் அறிகுறியே தெரியாது.

பெர்ரி பழங்கள் உதவுமா?

அமெரிக்காவில் 1.87 லட்சம் பேரின் உணவுப் பழக்கத்தை அலசிய ஆய்வு 2013-ல் வெளியானது. வாரம் 3 முறை புளூபெர்ரி சாப்பிட்டவர்களுக்கு டைப் 2 நீரிழிவு வரும் ஆபத்து சுமார் 26% குறைவாக இருந்தது. அதே ஆய்வில் ஜூஸ் குடித்தவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடியிருந்தது. ஜூஸில் நார்ச்சத்து போய்விடும், சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏறும். ஆனால் இது பழக்கத்தைக் கவனித்த ஆய்வுதான். பழம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

நம்ம ஊர் நாவல்?

புளூபெர்ரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் நாவலிலும் இருக்கிறது. அதற்காகக் காசைக் கொட்டி இறக்குமதிப் பழம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் நாவலை மருந்தாக நினைப்பது வேறு கதை. பிரேசிலில் நாவல் இலைத் தேநீர் கொடுத்துச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. கொட்டைப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து.

அப்போ என்ன செய்யலாம்?

சென்னையில் 531 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. வழக்கம்போல இருந்தவர்களில் 55% பேருக்கு 3 ஆண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றியவர்களில் அது 39% தான்.

ஆகவே ஒரு கைப்பிடி நாவலை முழுப் பழமாகச் சாப்பிடுங்க, பால்கோவாவுக்குப் பதிலாக. பால்கோவாவோடு சேர்த்து அல்ல. தினமும் நடங்க. டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்க. பழம் பலன் தந்ததா என்பதை அந்த ரிப்போர்ட்தான் சொல்லும்.