கரும்புக்கு ஒரு நீதி, கொழுந்துக்கு ஒரு நீதியா?

பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் நம்மவர் கூலிகளாகவே கொண்டு செல்லப்பட்டனர். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கப்பல்கள் ஓடின. 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். ஆயினும் 1920இல் ஒப்பந்தத் தளை அறுந்தபின், ஆலை முதலாளிகள் நிலத்தைத் துண்டுகளாக்கிக் குத்தகைக்கு விட்டனர். கூலி, குடியானவன் ஆனான். 2011இல் அங்குள்ள லபாசா கரும்பு உற்பத்தியாளர் சங்கம் நியாய வணிகச் சான்று பெற்றது. அச்சான்றின் பேரில் விற்கும் சீனிக்கு, தொன் ஒன்றுக்கு 60 டொலர் விலைக்கு மேல் சங்கத்தைச் சேரும் என்பது விதி. அதனை எவ்வாறு செலவிடுவதென விவசாயிகளே கூடி முடிவு செய்வர்.

இனி இரத்தினபுரியையும் கேகாலையையும் நோக்குவோம். இங்கு வந்தவனும் அதே தமிழன்தான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. தேயிலையும் இறப்பரும் வளர்ந்தன. அவற்றை வளர்த்தவனுக்கு ஒரு முழ நிலமும் சொந்தமாகவில்லை. 1,000 ரூபாய் நாட்கூலி பெற 2021 வரை அவன் போராட வேண்டியிருந்தது. சம்பள நிர்ணய சபையின் வழியே அது 1,350 ரூபாயானது 2024இல்தான்.

நியாய வணிகம் இவனுக்கும் உண்டு என்பார்கள். உண்மை, தோட்டங்களுக்கும் அச்சான்று வழங்கப்படுகிறது. விலைக்கு மேல் வரும் தொகை முதலாளியின் பணமன்று. தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் குழுவின் பொறுப்பில் உள்ள தொழிலாளர் பணம். சட்டப்படி நிர்வாகம் செய்யக் கடமைப்பட்ட காரியத்துக்கு அதில் ஒரு சதமேனும் எடுத்தல் ஆகாது. தருமமாகத் தரப்படுவதன்று அது, உரிமை. ஆனால் சான்று பெறுவது வேறு, சான்றின் பேரில் விற்பது வேறு. விற்காத கொழுந்துக்கு அத்தொகை வராது. ஆகவே அது கூலிக்கு ஈடாகாது. கூலி உயர்வைத் தட்டிக்கழிக்க அது சாக்காகவும் கூடாது.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. தேயிலைச் செடிகளைத் தொழிலாளியிடம் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்தின் நிறைக்கு மட்டும் பணம் தரும் வெளியார் உற்பத்தி முறையைக் கம்பனிகள் விரும்புகின்றன. "நீயும் இனி விவசாயி" என்று இனிக்கப் பேசுகின்றன. சிற்றுடைமையாளனுக்குத் தயாரித்த தேயிலையின் விற்பனை விலையில் நூற்றுக்கு 68 பங்கு என்றொரு விதியுண்டு. அவனுக்கு நிலமும் உண்டு. நிலமின்றி விவசாயி என்ற பெயரை மட்டும் பெறுபவன் நாட்கூலியையும் சேமலாப நிதியையும் இழப்பான், பெறுவது யாது?

சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவத் தமிழன் நுவரெலியாவைப் போல் தொகையால் அச்சுறுத்த வல்லவனல்லன். சட்டமும் சங்கமுமே அவன் துணை. எனவே நாம் கேட்பது மூன்று. சான்று பெற்ற தோட்டங்கள் அத்தொகையின் கணக்கைத் தமிழில் எழுதி மஸ்டர் களத்தில் ஒட்டுக. குழுத் தேர்தல் நிர்வாகத்தின் நிழல் விழாது நடைபெறுக. தொழிலாளியை விவசாயி என்றழைக்குமுன் நிலத்துக்கு உறுதி எழுதிக் கொடுக்கப்படுக.

பீஜியின் கரும்புக்காரனை உயர்த்தியது சான்றிதழ் மட்டுமன்று; அவன் காலடியிலிருந்த நிலமும், அவன் கட்டிய சங்கமுமாகும். சங்கத்தை நாம் கட்டுவோம். நிலத்தைத் தருவது அரசின் கடன்.