கட்டடம் வேண்டாம், ஆள் போடுங்கள்

பர்னார்ட் விண்மீனை நான்கு சிறு கோள்கள் சுற்றுவது 2025 மார்ச்சில் உறுதியானது. நம்மிடமிருந்து 6 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள செங்குறு விண்மீன் அது. சூரியனைவிட மிகச் சிறியது, குளிர்ந்தது, வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலானது. ஜூன் மாதம் நள்ளிரவு தாண்டியதும் அம்பாங்வாசிகளின் தலைக்கு ஏறக்குறைய நேர்மேலே வந்துவிடும். அந்தக் கோள்களைக் கண்டவை ஹவாயிலும் சிலியிலும் உள்ள 8 மீட்டர் தொலைநோக்கிகள். இதெல்லாம் பணக்கார நாடுகளின் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வசதியான காரணம்தான். ஆனால் அது செல்லாத காரணம்.

பர்னார்ட் விண்மீன் இருக்கும் அதே ஒஃபியூக்கஸ் விண்மீன் கூட்டத்தில் ஜி.ஜே. 1214 என்ற இன்னொரு செங்குறு விண்மீன் உண்டு. அதன் கோளை 2009இல் கண்டுபிடித்தது டேவிட் சார்பன்னோ தலைமையிலான ஹார்வர்ட் குழு. அரிசோனா மலையொன்றில் அவர்கள் நிறுத்தியிருந்தவை 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள எட்டுத் தொலைநோக்கிகள், அதுவும் விலைக்குக் கிடைக்கும் ரகம். இது எப்படி முடிந்தது? தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, பூமி சூரியனைக் குறுக்கே கடந்தால் ஒளியில் 12,000இல் ஒரு பங்கு குறையும், அதுவும் ஆண்டுக்கு ஒரு தடவை. ஜி.ஜே. 1214இன் விட்டமோ சூரியனுடையதில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் கோள் குறுக்கிடும்போதெல்லாம் ஒளி ஒரு விழுக்காட்டுக்கு மேல் மங்குகிறது. இது 38 மணி நேரத்துக்கு ஒரு தடவை நிகழ்கிறது. ஏழு கோள்களுடன் 2017இல் உலகப் புகழ்பெற்ற டிராப்பிஸ்ட்-1 என்ற செங்குறு விண்மீனின் கதையும் சிலியில் 60 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றில் தொடங்கியதுதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மேகத்தையும் மழையையும் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் கோள் இத்தனை விரைவாகச் சுற்றுவதால், இன்றைய இரவு மழையில் போனால் அடுத்த வாய்ப்புக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டாம், சில நாள் பொறுத்தால் போதும். நகர விளக்கொளி தொல்லைதான். ஆனாலும் ஒரே படத்தில் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அளப்பதால், பல நாடுகளில் ஆர்வலர்கள் புறநகர் வீட்டு முற்றத்திலிருந்தே இதைச் செய்கிறார்கள். அவர்களின் அளவீடுகளை எக்ஸோகிளாக் போன்ற திட்டங்கள் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. ஐரோப்பாவின் ஏரியல் விண்கலம் எந்தக் கோளை எப்போது பார்க்க வேண்டும் என்று கணிக்க அவை உதவும்.

நாம் இதுவரை செய்தது என்ன? 2019இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனை ஒதுக்கியபோது, மலேசியா தன் பங்குக்கு இந்தான் என்றும் அதன் கோளுக்கு பைடூரி என்றும் பெயர் சூட்டியது. அழகான பெயர்கள். பெயர் வைத்ததோடு சரி! தலைநகரில் தேசியக் கோளரங்கம் 1994 முதல் இருக்கிறது, லங்காவியில் தேசிய வானாய்வகமும் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு இந்த நாட்டில் என்றும் குறைவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே விண்மீனை விடாமல் அளக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதில்தான் கை சுருங்குகிறது.

அந்த ஆள் ஏன் முக்கியம் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. 1855இல் சென்னை வானாய்வகத்தில் இருந்த டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி இரட்டை விண்மீனில் ஒரு கோள் இருக்கக்கூடும் என்று அறிவித்தார். அது நிலைக்கவில்லை. பர்னார்ட் விண்மீனுக்கே 1963இல் பீட்டர் வான் டி காம்ப் சொன்ன கோளும் பிழையென்று ஆனது, 2018இல் அறிவிக்கப்பட்ட இன்னொன்றும் அப்படியே. தொடர்ந்து சேர்ந்த அளவீடுகள்தான் பொய்யைக் கழித்து மெய்யை மிச்சப்படுத்தின.

பள்ளிகளின் ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் வானத்தைப் பார்ப்பதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கூரைகள் ஒழுகுவது நாம் கேட்கப்போகும் இரண்டு பணியாளர்களின் சம்பளத்தால் அல்ல. வேற்றுக்கோள் உயிர்களைத் தேடுகிறோம் என்று சொல்லி இதற்கு ஆதரவு திரட்டவும் வேண்டாம். டிராப்பிஸ்ட்-1இன் முதல் கோளில் சொல்லத்தக்க காற்று மண்டலம் தென்படவில்லை என்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023இல் காட்டிவிட்டது. செங்குறு விண்மீன்கள் அடிக்கடி சீறி வெடிப்பவையும்கூட. மாணவர்களுக்குக் கிடைக்கப் போவது வேறு: பிழையின் அளவு தெரிந்து ஓர் எண்ணைச் சொல்லும் பழக்கம். புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்கி வரும் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் அந்த ஆர்வத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்காம் படிவ மாணவர் ஒரு மடிக்கணினியோடு நாளையே தொடங்கலாம்.

சிலாங்கூர் மாநில அரசிடம் நாம் கேட்பது அம்பாங், உலு லங்காட் வட்டாரப் பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு 40 சென்டிமீட்டர் தொலைநோக்கி. இருக்கிற பள்ளியொன்றின் மொட்டைமாடி அதற்குப் போதும். அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் பழைய தெருவிளக்குகளை மாற்றும்போது, ஒளி மேலே சிதறாத மூடியுள்ள விளக்குகளைப் பொருத்தட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, அடுத்த மாநில வரவு செலவுத் திட்டத்தில் ஐந்தாண்டுக்கு இரண்டு தொழில்நுட்பப் பணியாளர்களின் சம்பளம் ஒதுக்கப்பட வேண்டும். அது இல்லையென்றால் தொலைநோக்கியையும் வாங்க வேண்டாம்.